வேட்டித் திரையில் விட்டில்கள்: செயலியா, ஹாம்ப்சனா, கத்தரிக்கோலா, டிஎன்ஏவா?

கோத்தகிரிப் பக்கம் ஒரு நண்பரின் வீட்டுத் திண்ணை. சுவரில் இரண்டு ஆணி, நடுவே பழைய எட்டு முழ வேட்டி, அதற்கு முன்னால் ஒரு புற ஊதா எல்இடி விளக்கு. அந்துப்பூச்சி பார்க்க இவ்வளவு போதும். அமாவாசையை ஒட்டிய, லேசாக மூடுபனி இறங்கிய இரவென்றால் ஒன்பது மணிக்குள் வேட்டியில் உட்கார இடம் இருக்காது. பௌர்ணமியன்று கொட்டக் கொட்ட விழித்திருந்தாலும் நாலு வந்தால் அதிகம்.

வருவது சுலபம். வந்ததற்குப் பெயர் சொல்வதுதான் பாடு. இந்தியாவில் அந்துப்பூச்சி இனங்கள் பத்தாயிரத்துக்கு மேல். தமிழில் நமக்கு இருக்கும் பெயர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நெல் மூட்டையில் வருவதுதான் அசல் ‘அந்து’. அது குடும்பம் முழுவதற்கும் பெயராகிவிட்டது. விளக்கில் விழுவதெல்லாம் விட்டில். மற்றவற்றைப் புழுவாக இருக்கும்போதுதான் நமக்குத் தெரியும்: முருங்கைக் கம்பளிப்புழு, நிலக்கடலைச் சிவப்புக் கம்பளிப்புழு, காய்ப்புழு. அது இறக்கை முளைத்து வந்து நின்றால் யாருக்கும் அடையாளம் தெரியாது.

பெயர் கண்டுபிடிக்க இன்று நான்கு வழிகள் கைக்கு எட்டுகின்றன: கைபேசிச் செயலி, ஹாம்ப்சன் என்ற ஆங்கிலேயர் எழுதிய நூற்றாண்டு பழசான அந்துப்பூச்சி நூல், வயிற்றை அறுத்துப் பார்ப்பது, டிஎன்ஏ. நீலகிரியிலும் கோவைச் சமவெளியிலும் பார்த்த சில பூச்சிகளை வைத்து நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கலாம். எனக்குச் சாய்வு உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஹாம்ப்சன் பக்கம்.

பெரியதில் வழுக்கிய செயலி

விரித்த கை அளவுக்கு ஒரு பூச்சி. செம்பழுப்பு இறக்கை, அதில் கண்ணாடிச் சில்லு பதித்தது போல முக்கோணத் திட்டுகள், முன்னிறக்கை நுனி பாம்புத் தலை மாதிரி. படம் எடுத்து ஒரு செயலியில் போட்டேன். இரண்டு நொடியில் பதில்: அட்டாகஸ் அட்லஸ். உலகப் புகழ் பெற்ற அட்லஸ் பூச்சி. சந்தேகப்பட என்ன இருக்கிறது?

இருக்கிறது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பது அட்டாகஸ் தாப்ரபேனிஸ். 1880களில் மூர் என்பவர் இலங்கைப் பூச்சிகளை விவரித்தபோது வைத்த பெயர் அது. ‘தாப்ரபேன்’ என்பது கிரேக்கர்கள் இலங்கையை அழைத்த பெயர். பிறகு அட்லஸோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டே இருந்தார்கள். 1989இல் வந்த விரிவான மறு ஆய்வு ஒன்று இது தனி இனம்தான் என்று பிரித்து வைத்தது. அட்லஸ் என்பது இமயமலை அடிவாரம், வடகிழக்கு இந்தியா, தென்கிழக்கு ஆசியா ஆகிய பக்கங்களைச் சேர்ந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். எந்த ஊரில் பார்த்தோம் என்பதே இங்கே பாதி அடையாளம்.

செயலி ஏன் வழுக்கியது? படம் பார்த்துப் பெயர் சொல்லும் இந்த நிரல்கள், போதுமான படங்கள் சேர்ந்த இனங்களை மட்டுமே கற்றுக்கொள்கின்றன. அட்லஸுக்கு ஆயிரக்கணக்கில் படங்கள் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழும் பூச்சிக்குப் பத்துப் படம்கூட இல்லாமல் இருக்கலாம். அப்படி இருந்தால் அது பரிந்துரைப் பட்டியலுக்குள்ளேயே வராது. அதன் இடத்தில், அதைப் போலவே இருக்கும் பிரபலமான ஒன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். ‘தெரியாது’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் பெயரைச் சொல்வது போல.

ஐநேச்சுரலிஸ்ட் போன்ற, பார்த்த உயிரினங்களைப் படத்தோடு பதிவிடும் தளங்களில் இதைத் திருத்த மனிதர்கள் இருக்கிறார்கள். 2008இல் அமெரிக்காவில், பெர்க்லியில் மாணவர்களின் முதுகலைத் திட்டமாகத் தொடங்கியது அது. இன்று உலகம் முழுக்கப் படங்கள் குவிகின்றன. பதிவிட்டவரோடு இன்னொருவரும் அதே பெயரை ஒப்புக்கொண்டால், பதிவு ஆய்வுத் தரம் என்ற நிலைக்குப் போய்விடும். இந்த இடத்தில்தான் எனக்கு உறுத்தல். இரண்டாவது ஆள் பூச்சியைப் பார்த்துத்தான் சொன்னாரா, முதல் ஆள் சொன்னதைப் பார்த்து ‘ஆமாம் சாமி’ போட்டாரா என்று தெரிவதில்லை. முதல் ஆள் சொன்னதும் பெரும்பாலும் நிரல் சொன்னதுதான். இந்தியப் பூச்சிகளுக்கென்றே இருக்கும் மாத்ஸ் ஆஃப் இந்தியா தளத்தில் படங்கள் குறைவு. ஆனால் இந்தப் பூச்சிகளோடு பழகியவர்கள் பார்த்து ஏற்றியவை என்பதால் நான் ஒப்பிட்டுப் பார்ப்பது அங்கேதான்.

அதற்காகச் செயலியைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. எந்தக் குடும்பம், எந்தப் பேரினம் என்பதை அது பெரும்பாலும் சரியாகவே சொல்லிவிடுகிறது. முன்பெல்லாம் அந்த இடத்துக்கு வந்து சேரவே ஒரு வருடப் பழக்கம் வேண்டும்.

ஈர்க்குச்சியும் ஹாம்ப்சனும்

ஜார்ஜ் பிரான்சிஸ் ஹாம்ப்சன் நீலகிரியில் தேயிலைத் தோட்டம் பார்த்துக்கொண்டிருந்த ஆங்கிலேயர். இங்கே இருந்தபோது பூச்சி சேர்க்கத் தொடங்கி, திரும்பிப் போய் லண்டன் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து எழுதினார். நீலகிரி மாவட்டப் பூச்சிகளைப் பற்றித் தனி நூல் 1891இல் வந்தது. அப்புறம் 1892 முதல் 1896 வரை, பிரிட்டிஷ் இந்தியா, இலங்கை, பர்மா மூன்றையும் சேர்த்து அந்துப்பூச்சிகளுக்கு நான்கு தொகுதிகள். காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது, இணையத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். வண்ணப் படம் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். சின்னக் கோட்டோவியங்கள், இறக்கை நரம்புக்கு எண், உணர்கொம்பு எப்படி, கடைசியில் இறக்கை விரிவு இத்தனை மில்லிமீட்டர், வாழிடம் இன்னது. அவ்வளவுதான்.

அது எங்கே ஜெயிக்கிறது என்று ஒரு கொய்யா மரம் காட்டியது. நண்பருடைய தோட்டத்தில் கொய்யாப் பழங்களில் குண்டூசி துளை அளவுக்கு ஓட்டை, சுற்றிலும் அழுகல். பழத்தைக் குத்திச் சாறு குடிக்கும் பூச்சிதான் வேலையைக் காட்டியிருக்கிறது என்று தெரிந்தது. அதன் உறிஞ்சுகுழல் முனை பழத்தோலையே துளைக்கும் அளவுக்கு முரடு. அன்றிரவு வேட்டியில் ஒன்று வந்தது. காய்ந்த இலை ஒன்று காற்றில் வந்து ஒட்டிக்கொண்டது போலவே இருந்தது. செயலி யூடோசிமா என்று பேரினத்தைச் சரியாகச் சொன்னது. இனம் என்று மூன்று பெயரை நீட்டி, நீயே பார்த்துக்கொள் என்று விட்டுவிட்டது.

ஹாம்ப்சன் எங்கே பார்க்கச் சொல்கிறார்? பின்னிறக்கையை. அது உட்கார்ந்திருக்கும்போது முன்னிறக்கைக்கு அடியில் ஒளிந்திருக்கும். விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, முன்னிறக்கையை மெதுவாகத் தள்ளினேன். உள்ளே ஆரஞ்சு நிறம் பளிச்சென்று அடித்தது. நடுவில் வட்டமாக ஒரு கறுப்புப் பொட்டு. வட்டப் பொட்டு என்றால் யூடோசிமா மெட்டர்னா. அது வளைந்து அவரை விதை மாதிரி இருந்தால் யூடோசிமா ஃபலோனியா. அரை நொடி வேலை. அந்த அரை நொடி கிடைக்காததால் இணையத்தில் எத்தனையோ படங்கள் பெயர் இல்லாமல் கிடக்கின்றன. மெட்டர்னாவின் புழு சீந்தில் கொடியைத் தின்னும். தோட்டத்து வேலியைப் பார்த்தால் முழுக்கச் சீந்தில். மருந்துக்கு ஆகும் என்று ஆசையாக வளர்த்தது. நண்பர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ஹாம்ப்சனோடு இருக்கும் தொல்லை, பெயர்கள். இந்தப் பேரினத்தை அவர் ஆஃபிடெரஸ் என்று எழுதியிருப்பார். இடையில் ஒத்ரெய்ஸ் என்றார்கள். இன்று யூடோசிமா. குடும்பங்களும் அப்படித்தான் இடம் மாறுகின்றன. அத்தி, ஆல் இலைகளைத் தின்று வளரும் அசோட்டா நம் ஊரில் சர்வ சாதாரணம். மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளிகள் கொண்டது. ஹாம்ப்சனிடம் அது ஹிப்சிடே குடும்பம், இன்று எரிபிடே. கம்பளிப்புழுக்களின் பெரிய குடும்பங்கள் இரண்டும், ஆர்க்டிடே, லைமேன்ட்ரிடே இரண்டும்தான், தனிக் குடும்ப அந்தஸ்தை இழந்து எரிபிடேவுக்குள் போய்விட்டன. 2011இல் வந்த மரபணு ஆய்வு இதை ஓரளவு நிலைப்படுத்தியது. கூட்டுக் குடும்பம் பிரிவதைப் பார்த்திருக்கிறோம். இது பிரிந்தவர்கள் ஒரே வீட்டுக்குள் திரும்பிய கதை.

ஆனால் வேடிக்கை என்னவென்றால், ஹாம்ப்சன் காலத்திலேயே பின்னிறக்கையில் ஐந்தாவது நரம்பு எங்கே கிளம்புகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். அது கீழ்மூலைப் பக்கம் தடிப்பாக வந்தால் ஒரு கூட்டம், மெலிந்து போயிருந்தால் இன்னொரு கூட்டம். டிஎன்ஏ பிரித்த எரிபிடேவுக்கும் நாக்டுயிடே என்ற இன்னொரு பெரிய குடும்பத்துக்கும் இடையே உள்ள கோடு, பெருமளவுக்கு அந்த நரம்பு காட்டிய கோட்டின் பக்கத்திலேயே ஓடுகிறது. ஒரு கைலென்ஸ் இருந்தால் செத்துக் கிடக்கும் பூச்சியில் நீங்களே பார்க்கலாம். இறக்கையின் அடிப்பக்கம் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டால் செதில் நனைந்து நரம்பு தெரியும். உலர்வதற்குள் பார்த்துவிட வேண்டும்.

அறுத்துப் பார்க்க வேண்டியவை

வேட்டியின் ஓரத்தில் எப்போதும் ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கும். சாம்பலும் வெளிர் மஞ்சளுமாக, அரிசி மணியை விடக் கொஞ்சம் பெரிதாக, இறக்கையைச் சுருட்டிக்கொண்டு. லித்தோசினி வகை. பாறையிலும் மரப்பட்டையிலும் படரும் பாசிகளை, அதாவது நாம் குழம்பில் போடும் கல்பாசியின் சொந்தக்காரர்களை, இவற்றின் புழுக்கள் தின்னும். ஒன்றுக்கொன்று அப்படியே அச்சு. செயலிக்கும் தெரியாது, ஹாம்ப்சனின் விவரிப்பும் ‘வெளிர் சாம்பல், ஓரம் மஞ்சள்’ என்பதைத் தாண்டாது.

இங்கே உள்ளே போக வேண்டும். வயிற்றைத் தனியாக எடுத்துப் பத்து சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறப்போட்டால் தசையும் கொழுப்பும் கரைந்து கூடு மட்டும் மிஞ்சும். மெல்லிய தூரிகையால் செதிலைத் தள்ளிவிட்டு, கிளிசரினில் வைத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். ஆணின் இனப்பெருக்க உறுப்பில் பிடிப்பான்கள், கொக்கிகள், முட்கள் எல்லாம் இனத்துக்கு இனம் தனித்தனி வடிவம். வெளியே இரட்டைப் பிறவி போல இருப்பவை உள்ளே வேறு வேறு ஆட்கள் என்பது அப்போது தெரியும்.

உறுதி என்று பார்த்தால் அன்றாடப் பூச்சி வேலையில் இதை மிஞ்சியது இல்லை. ஆனால் விலை உண்டு. பூச்சியைக் கொல்ல வேண்டும், பொறுமை வேண்டும், ஒப்பிட வரைபடங்கள் வேண்டும். நம் பகுதியில் விவரிக்கப்பட்ட பல இனங்களின் மூல மாதிரிகள், அதாவது பெயர் வைக்க ஆதாரமான பூச்சிகள், லண்டனில் இருக்கின்றன. காப்புக்காட்டுக்குள் பிடிப்பதற்கு வனத்துறை அனுமதியும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆர்வலருக்கு இது தோதுப்படாது. நான் செய்வது வீட்டு விளக்கடியில் தானாகச் செத்துக் கிடப்பவற்றை மட்டும். அதிலும் முதல் இரண்டு முறை வயிறு கரைசலிலேயே பொடிப்பொடியாகிவிட்டது.

ஒரு கால் போதும் என்கிற டிஎன்ஏ

கனடாவின் குவெல்ப் பல்கலைக்கழகத்தில் பால் ஹெபர்ட் குழு 2003இல் முன்வைத்த யோசனை சுலபமானது. மைட்டோகாண்ட்ரியாவில் சிஓஐ என்ற மரபணுவின் 658 எழுத்துகள் கொண்ட துண்டைப் படித்து, கடையில் பொருளுக்கு ஒட்டும் பட்டைக்குறி போல இனத்துக்கு அடையாளமாக வைத்துக்கொள்வது. பூச்சியின் ஒரு கால் போதும். புழு, முட்டை, பாதி மென்ற இறக்கை எதுவானாலும் சரி. இதை வேறு எந்த வழியும் செய்யாது.

ஆனால் படித்த எழுத்துகளை ஒப்பிடத் தரவுத்தளத்தில் ஏற்கனவே ஒரு பதிவு இருக்க வேண்டும், அந்தப் பதிவுக்குப் பெயர் வைத்தவர் சரியாக வைத்திருக்க வேண்டும். நம் மலைகளின் சின்னப் பூச்சிகளுக்குப் பல நேரம் பதிவே இருக்காது. காசு செலவழித்து அனுப்பினால் திரும்பி வருவது ஒரு தொகுப்பு எண். ‘இது இன்னொன்றிலிருந்து வேறானது’ என்று தெரியும், ‘இது இன்னது’ என்று தெரியாது.

இன்னொரு சிக்கலை மக்காச்சோளப் படைப்புழு காட்டியது. அமெரிக்கக் கண்டத்துப் பூச்சியான ஸ்போடோப்டெரா ஃப்ரூஜிபெர்டா இந்தியாவில் முதலில் பதிவானது 2018 மே மாதம், கர்நாடகாவில். அதே ஆண்டு நம் வயல்களிலும் மக்காச்சோளக் குருத்தைத் தின்று தீர்த்தது. அதில் நெல் வகை, மக்காச்சோள வகை என்று இரண்டு உண்டு. இங்கே மக்காச்சோளத்தில் பிடித்தவற்றில் பலவற்றுக்கு சிஓஐ மரபணு ‘நெல் வகை’ என்றது, உட்கருவில் இருக்கும் வேறொரு மரபணு ‘மக்காச்சோள வகை’ என்றது. மைட்டோகாண்ட்ரியா தாய் வழியாக மட்டும் வருவது. கலப்பு நடந்திருந்தால் அது தாய்வீட்டுக் கதையை மட்டும்தான் சொல்லும்.

இதே பூச்சி விஷயத்தில் ஹாம்ப்சனால் ஒரு பயனும் இல்லை. அவர் எழுதியபோது அது இங்கே இல்லவே இல்லை. உலகப் படங்களைப் படித்த செயலிதான் அதை அடையாளம் கண்டுகொள்கிறது. ஆனால் பெரம்பலூர்ப் பக்கத்து விவசாயிக்கு இந்த நான்கில் எதுவும் தேவைப்படவில்லை. புழுவின் தலையில் தலைகீழாக ஒரு ஆங்கில ஒய், வால் பக்கத்தில் சதுரமாக நான்கு கறுப்புப் புள்ளிகள். குருத்தைப் பிரித்துக் காட்டி, ‘இதாங்க, பாருங்க’ என்று அவர் சொல்லிவிடுவார்.

அப்படியானால் எதை எடுப்பது

புதிதாகத் தொடங்குபவருக்கு என் பரிந்துரை: செயலி சொல்லும் பேரினத்தை நம்புங்கள், இனத்தை நம்பாதீர்கள். பெயர் வந்ததும் அது தென்னிந்தியாவில் இருக்கிறதா என்று தேடுங்கள். ஒரே படத்தோடு நிறுத்தாமல் பின்னிறக்கை, அடிப்பக்கம், உணர்கொம்பு மூன்றையும் எடுங்கள், பக்கத்தில் ஓர் அளவுகோலை வையுங்கள். பயிரில் வந்த புழுவா, ஊருக்குப் புதிதாக வந்த பூச்சியா, அப்போது டிஎன்ஏவுக்குச் செலவழிக்கலாம். கத்தரிக்கோலை அதற்கென்று உட்கார்ந்திருப்பவர்களிடம் விடுவதே நல்லது. ஹாம்ப்சனைப் படிப்பது பெயருக்காக வேண்டாம், எங்கே பார்க்க வேண்டும் என்பதற்காகப் படியுங்கள்.

கொய்யா மரத்துக்கு இப்போது பழங்களைப் பை போட்டுக் கட்டியாயிற்று. சீந்தில் வேலியை வெட்ட நண்பருக்கு மனம் வரவில்லை. என் நோட்டில் அன்றைய பக்கத்தில் முப்பத்தொரு வரிகள். பத்தொன்பதில் இனப் பெயர் இருக்கிறது, ஒன்பதில் பேரினம். மிச்சம் மூன்றிலும் ‘லித்தோசினி, சாம்பல், சிறியது’ என்றுதான் எழுதியிருக்கிறேன்.