ஹெந்தளையில் நிரப்பிய காணியா, கொட்டாஞ்சேனையில் பழைய கராஜா?

முதியோருக்கான பகற்பராமரிப்பு நிலையம் ஒன்றை அமைப்பதற்கு எங்கள் குழு இரண்டு காணிகளைப் பார்த்து வைத்திருக்கிறது. இரண்டும் ஏறத்தாழ 20 பேர்ச். ஒன்று வத்தளை ஹெந்தளைப் பக்கத்தில் சில ஆண்டுகளுக்கு முன் மண் கொட்டி நிரப்பப்பட்ட வெறுங்காணி. மற்றையது கொட்டாஞ்சேனையில் நெடுங்காலம் வாகனம் திருத்தும் கராஜாக இருந்து மூடப்பட்ட இடம். ஹெந்தளையில் காற்றோட்டம் உண்டு, விலையும் குறைவு, இடிப்பதற்கு எதுவுமில்லை. கொட்டாஞ்சேனையிலோ எண்ணெய் ஊறிய சீமெந்துத் தரையும் உடைந்த அஸ்பெஸ்டஸ் கூரையும் கிடக்கின்றன. ஆயினும் சுற்றாடல் பொருத்தத்தை வைத்துப் பார்க்கையில், கண்ணுக்கு அழுக்காகத் தெரியும் காணியையே வாங்க வேண்டும் என்பது என் முடிவு.

ஹெந்தளைக் காணியின் உறுதிப்பத்திரத்திலிருந்தே தொடங்குகிறேன். கொழும்பையும் அதன் அயலையும் சேர்ந்த உறுதிகளில் காணியின் பழைய சிங்களப் பெயர் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும். அது 'வத்த' என்று முடிந்தால் தோட்டம். 'கும்புர' என்றால் வயல். 'ஓவிட்ட' என்றால் வயலையோ சதுப்பையோ ஒட்டிய தாழ்நிலம். நாங்கள் பார்த்த காணியின் பெயர் 'ஓவிட்ட' என்றே முடிகிறது. முத்துராஜவெல சதுப்பும் களு ஓயாவும் களனி கங்கையின் முகத்துவாரமும் சூழ்ந்த அந்தப் பகுதியில் இப்பெயர் வியப்பளிக்கவில்லை. வயலை நிரப்புவதற்கு 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும்; தாழ்நிலமாக வெளிப்படுத்தப்பட்ட இடமெனின் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் எழுத்து மூலமான இணக்கம் வேண்டும். விற்பவர் இவற்றில் ஒன்றையும் காட்டவில்லை.

அனுமதி கிடைத்தாலும் மண் மாறிவிடாது. மேலே கொட்டிய கிறவலுக்குக் கீழே, உக்கிய தாவரங்களாலான கரிய முற்றா நிலக்கரி மண் இருந்தால், அது பாரத்தின் கீழ் ஆண்டுக்கணக்காக அமுங்கிக்கொண்டே இருக்கும். நிலத்துக்குள் ஆழமாக இறக்கும் பைல் தூண்கள் கட்டடத்தைத் தாங்கினாலும் முற்றமும் குழாய்களும் மதிலும் தாழ்ந்துபோகும். நிலத்தடி நீர் மேலேயே நிற்பதால், மலசலகூடக் குழியிலிருந்து வெளியேறும் நீர் மண்ணில் சுவறாமல் அயலவர் கிணற்றை நாடும்.

இவற்றை விடவும் என்னைக் கவலைப்படுத்துவது ஒரு சிறு கணக்கு. 20 பேர்ச் என்பது சுமார் 506 சதுர மீற்றர். அதை ஒரு மீற்றர் உயரத்துக்கு நிரப்பியவர், வெள்ள காலத்தில் அங்கே தங்கியிருக்கக்கூடிய 5 இலட்சம் லீற்றருக்கு மேற்பட்ட நீரை வேறெங்கோ அனுப்பிவிட்டார். 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவையிலும் வெல்லம்பிட்டியிலும் மக்கள் படகுகளில் ஏற்றப்பட்டதை நாங்கள் பார்த்தோம். ஈரநிலத்தை நிரப்பும் திட்டம் பொதுவாக 4 ஹெக்டயரைத் தாண்டினால்தான், 1993ஆம் ஆண்டின் வர்த்தமானிப்படி, தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழான சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு நடைமுறை கட்டாயமாகிறது. எங்கள் காணியைப் போன்ற 80 துண்டுகள் சேர்ந்தால் அந்த 4 ஹெக்டயர் வந்துவிடும். ஆனால் தனித்தனியாக நிரப்பப்படும்போது எதற்கும் எவரும் மதிப்பீடு கேட்பதில்லை. சட்டம் கேட்கவில்லை என்பதற்காக நாங்களும் கேட்காமல் இருப்பது சரியல்ல. 2018இல், ஈரநிலங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சார் சமவாயத்தின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்ற கொழும்பு, தன் ஓரங்களிலுள்ள ஈரநிலத்தை 20 பேர்ச் 20 பேர்ச்சாக இழந்துகொண்டிருப்பது எனக்கு உண்மையான வேதனை.

கொட்டாஞ்சேனைக் காணியின் குறை வேறு வகையானது. கழிவு எண்ணெய், பற்றரிகளிலிருந்து கசிந்த ஈயம், மண்ணுக்குள் மறைந்திருக்கக்கூடிய எரிபொருள் தாங்கி ஆகிய மூன்றையும் தேட வேண்டும். வேலைக் குழி இருந்த இடம், பற்றரி அடுக்கிய மூலை, வடிகான் வாய் ஆகியவற்றில் வெவ்வேறு ஆழங்களில் மண் மாதிரி எடுத்தால் மாசு எதுவரை இறங்கியிருக்கிறது என்பது தெரியும். மாசடைந்த மண்ணைத் தோண்டி, ஆபத்தான கழிவுக்கு மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் பெற்றவர்களிடம் ஒப்படைக்கலாம். செலவு உண்டு, ஆனால் அதை முன்கூட்டியே அளந்து விலையில் கழிக்கலாம். அஸ்பெஸ்டஸ் தகடுகளை உடைக்காமல், நனைத்து, முழுதாகக் கழற்ற வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அந்தத் தூசியைச் சுவாசிக்கக் கூடாது.

அங்கே நிலம் ஏற்கெனவே முழுவதும் சீமெந்தால் மூடப்பட்டிருப்பதால், நாங்கள் கட்டுவதால் மழைநீருக்குப் புதிய இழப்பு இல்லை. காணியில் ஒரு பகுதியைத் திறந்த மண்ணாக விட்டால் நிலைமை முன்னேறவும் செய்யும். மாநகரக் கழிவுநீர்க் குழாயில் இணையலாம் என்பதால் மலசலகூடக் குழியும் தேவையில்லை. ஒடுங்கிய வீதியும் வாகன இரைச்சலும் குறைகள்தான், ஆனால் முதியோர் பஸ்ஸில் வந்திறங்கி நடந்து வரக்கூடிய இடம் அதுவே.

முற்பணம் கொடுப்பதற்கு முன் மண் பரிசோதனைக்கு விற்பவரின் இணக்கத்தைப் பெற வேண்டும். மாசு அயற்காணிக்குள் பரவியிருப்பதாகவோ, நிலத்தடி நீரில் எண்ணெய் மிதப்பதாகவோ அறிக்கை வந்தால் கொட்டாஞ்சேனையையும் கைவிட்டு, மூன்றாவது காணியொன்றைத் தேடுவோம். அப்போதும் ஹெந்தளைக்குத் திரும்ப மாட்டோம்.