எஃப்4 மனுவும் எங்கள் இமிக்ரேஷன் வக்கீலும்: தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு நீண்ட கால அனுபவம்

அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய என் அக்கா எனக்காக ஐ-130 மனு (உறவினரைக் குடியேற அழைக்கும் மனு) போட்டது 2005 கடைசியில். உடன்பிறந்தவர்களுக்கான எஃப்4 பிரிவு. உலகம் முழுவதற்கும் சேர்த்து வருடத்துக்கு 65,000 விசாதான். ஒரு நாட்டுக்கு இவ்வளவுக்கு மேல் கிடையாது என்ற உச்சவரம்பு வேறு. 2008 கடைசியில் மனுவுக்கு ஒப்புதல் வந்தது. எங்கள் முறை வந்தது 2024-இல். இந்தக் காத்திருப்பின் கடைசி சில வருடங்கள் ஒரு வக்கீலை வைத்துக்கொண்டோம். ராயபுரம், பெரம்பூர் பக்கம் இதே வரிசையில் நிற்கும் பல குடும்பங்கள் என்னிடம் கேட்பதால் விவரமாக எழுதுகிறேன்.

முதலில் போனது பாரிமுனைப் பக்கம் ஒரு கன்சல்டன்சிக்கு. எனக்கு இரண்டு பிள்ளைகள். மகன் 1999, மகள் 2002. இருபத்தொரு வயது தாண்டினால் பிள்ளைகள் என் மனுவில் வர முடியாதே என்ற பயம். "வயசு தாண்டினாலும் பழைய தேதி அப்படியே பையனுக்குக் கிடைக்கும் சார், ஃபைல் நாங்க பாத்துக்கறோம்" என்றார்கள். பழைய தேதி என்றால் அக்கா மனு போட்ட தேதி; வரிசையில் இடம் அதை வைத்துத்தான். எந்தச் சட்டப்படி என்று கேட்டேன். பதில் இல்லை, ஃபீஸ் மட்டும் சொன்னார்கள். அன்றே எழுந்து வந்துவிட்டேன்.

அமெரிக்க விசா விஷயத்தில் சட்ட ஆலோசனை என்று வாங்கினால், அங்கே ஏதாவது ஒரு மாநிலத்தில் பதிவு பெற்ற வக்கீலிடம்தான் வாங்க வேண்டும். குடிவரவு அங்கே மத்திய அரசுச் சட்டம்; அதனால் அக்கா நியூஜெர்சியில் இருக்கிறார் என்றால் நியூஜெர்சி வக்கீல்தான் வேண்டும் என்றில்லை. அமெரிக்க இமிக்ரேஷன் வக்கீல்கள் சங்கத்தின் இணையத்தளத்தில் அக்கா பெயர்கள் எடுத்தார். அந்தந்த மாநில வக்கீல் பதிவு அமைப்பின் (பார்) தளத்தில் பெயரைப் போட்டால் பதிவு நடப்பில் இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்பது தெரிந்துவிடும். பணம் கட்டும் முன் இதைப் பார்க்காமல் விடாதீர்கள்.

நாங்கள் தேர்ந்தெடுத்த வக்கீல் அம்மா முதல் அழைப்பிலேயே பிள்ளைகளின் பிறந்த தேதியையும், மனு போட்ட தேதி, ஒப்புதல் தேதி இரண்டையும் கேட்டார். 2002-இல் வந்த பிள்ளைகள் பாதுகாப்புச் சட்டப்படி, மனு எத்தனை நாள் அலுவலகத்தில் கிடந்ததோ அத்தனை நாளைப் பிள்ளையின் வயதிலிருந்து கழிக்கலாம். எங்களுக்கு அது மூன்று வருடம் சொச்சம். ஆக, இருபத்தொன்றுக்குப் பதில் இருபத்துநான்கு சொச்சம் வரை இடம் உண்டு. மகள் தப்பிவிடுவாள், மகனுக்கு 2023 நடுவுக்குள் முறை வந்தால்தான் உண்டு என்று அப்போதே சொல்லிவிட்டார். கன்சல்டன்சியில் சொன்ன பழைய தேதி கதையைக் கேட்டதும், "அது 2014-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் முடிந்துபோன விஷயம். எஃப்4-இல் அப்பாவோடு சேர்ந்து வரும் பிள்ளைக்கு அந்தத் தேதி ஒட்டாது. நம்பி உட்கார வேண்டாம்" என்றார். கேட்க வலித்தது. ஆனாலும் நான் கொடுத்த ஃபீஸிலேயே மதிப்பான பதில் அதுதான்.

அதற்கப்புறம் மாதாமாதம் விசா புல்லட்டின் (எந்தத் தேதி வரை மனு போட்டவர்களுக்கு முறை வந்திருக்கிறது என்று அமெரிக்க அரசு வெளியிடும் பட்டியல்) பார்ப்பது வீட்டில் ஒரு சடங்கு ஆகிவிட்டது. இந்திய எஃப்4 தேதி மாதக்கணக்கில் நகரவே இல்லை. முறை வந்தபோது மகனுக்கு இருபத்துநான்கரை வயது. கழித்துப் பார்த்தாலும் இருபத்தொன்றைத் தாண்டிவிட்டது. சில மாதத்தில் கைநழுவியது.

எங்களை அதிகம் அலைக்கழித்தது பெயர் விவகாரம். மனைவி பிறந்தது ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில். மாநகராட்சிப் பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயர், தேதி எல்லாம் இருக்கிறது. குழந்தை பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. பள்ளிச் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக. பிள்ளைகளுக்குக் கடைசிப் பெயர் என் பெயர். எனக்கோ என் அப்பா பெயர், அக்காவுக்கு அவர் கணவர் பெயர். ஒரு குடும்பத்தில் யாருக்கும் ஒரே கடைசிப் பெயர் இல்லை என்பது நமக்குச் சாதாரணம், அங்கே ஃபைல் பார்ப்பவருக்கு அப்படி இல்லை. வக்கீல் ஒரே பக்கத்தில் ஒரு விளக்கக் கடிதம் தயாரித்தார்: யார் பெயருக்குப் பின்னால் யார் பெயர், அதற்கு எந்தச் சான்று என்று. கூடவே பள்ளிச் சான்றிதழ், மாமியாரின் அஃபிடவிட். ஆனால் மண்டல அலுவலகத்தில் பெயர் சேர்ப்பது எப்படி, ஹைகோர்ட் எதிரில் நோட்டரியிடம் எந்த வாசகத்தில் எழுதி வாங்குவது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. அதை நாம்தான் அலைந்து முடிக்க வேண்டும். மும்பை நேர்காணலில் (குடியேற்ற விசாவுக்கு நம் சென்னை தூதரகம் கிடையாது) அந்தக் கடிதத்தைத்தான் அதிகாரி முதலில் எடுத்துப் படித்தார்.

குறைகளும் உண்டு. சாதாரண மெயிலுக்கு உதவியாளர்தான் பதில் போடுவார், அதுவும் பல நாள் கழித்து. பேச வேண்டுமென்றால் நமக்கு ராத்திரி. அரை மணி நேரத்துக்கு வாங்கும் டாலரை ரூபாயில் பெருக்கினால் மனசு கனக்கும். அரசுக்குக் கட்டும் தொகை தனி: விசா விண்ணப்பத்துக்கு ஆளுக்கு 325 டாலர், அக்கா எங்களுக்குப் பணப் பொறுப்பு ஏற்கும் ஆதரவுப் பத்திரத்துக்கு 120. எல்லாம் எழுத்தில் ஒப்பந்தம் போட்டுத்தான் செய்தார் என்பதால் பணத்தில் தகராறு வரவில்லை.

எல்லோருக்கும் வக்கீல் தேவையா என்றால், தேவையில்லை என்பேன். டூரிஸ்ட் விசாவுக்கோ படிப்பு விசாவுக்கோ வேண்டாம். காத்திருக்கும்போது அக்காவைப் பார்க்க டூரிஸ்ட் விசா கேட்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கேட்கலாம்; ஆனால் உங்களுக்காகக் குடியேற்ற மனு போட்டிருக்கிறார்களா என்று அந்த விசாவுக்கான டிஎஸ்-160 விண்ணப்பப் படிவத்திலேயே ஒரு கேள்வி இருக்கிறது. ஆமாம் என்றே எழுதுங்கள். அதனால் விசா மறுக்கப்படலாம், ஆனால் மறைத்து மாட்டினால் பிற்பாடு வரும் கிரீன் கார்டுக்கே ஆபத்து. பிள்ளைகளின் வயது இழுபறியில் இருந்தாலோ, பழைய மறுப்பு, போலீஸ் கேஸ், அங்கே கெடு தாண்டித் தங்கியது என்று ஏதாவது இருந்தாலோ வக்கீல் இல்லாமல் நகராதீர்கள்.

இப்போது அமெரிக்காவிலிருந்து, இங்கேயே தங்கிவிட்ட மகனைப் பார்க்க ஊருக்கு வந்திருக்கிறேன். கிரீன் கார்டு வைத்திருக்கும் நான் அவனுக்கு எஃப்2பி (கல்யாணமாகாத, வயது வந்த பிள்ளைக்கானது) மனு போடலாம். ஆனால் முறை வரும்வரை, எத்தனை வருடமானாலும், அவன் கல்யாணம் செய்யக் கூடாது. செய்தால் மனு அங்கேயே முடிந்தது. "சட்டத்தை நான் சொல்லிவிட்டேன், வாழ்க்கை அவனுடையது, அவனைக் கேளுங்கள்" என்றார் வக்கீல். கேட்டோம். மனு போடவில்லை. தண்டையார்பேட்டையிலேயே பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஐந்து வருடம் முடிந்து நான் குடியுரிமை வாங்கினால், கல்யாணமான மகனுக்கு எஃப்3-இல் போடலாம். அதற்கும் இதே வக்கீலிடம்தான் போவேன்.