ராக்கெட் புகையை அளக்க எது நல்ல வழி: தரையா, விமானமா, கணக்கா?

ராக்கெட் கிளம்பும்போது எல்லாரும் நெருப்பைப் பார்ப்போம். எனக்கு அது விட்டுப்போகும் வெண்புகை மேல்தான் கண். பி.எஸ்.எல்.வி.யின் முதல் கட்டத்தில் மட்டும் சுமார் 138 டன் திட எரிபொருள் இரண்டு நிமிடத்துக்குள் எரிந்துவிடுகிறது. அம்மோனியம் பெர்குளோரேட்டும் அலுமினியத் தூளும் கலந்த எரிபொருள் அது. புகையில் ஹைட்ரஜன் குளோரைடும் அலுமினியம் ஆக்சைடு துகளும் இருக்கும்.

இருப்பதில் மலிவானது தரையில் அளப்பது. அமெரிக்காவின் கென்னடி ஏவுதளத்தில் விண்வெளி ஓடங்கள் பறந்த காலத்தில், அமிலம் பட்டால் நிறம் மாறும் காகிதத்தைச் சுற்றுவட்டாரத்தில் வைத்தார்கள். ஏவும்போது சத்தத்தை அடக்க லட்சக்கணக்கான லிட்டர் தண்ணீரைக் கொட்டுவார்கள். புகையின் ஹைட்ரஜன் குளோரைடு வாயு அதில் கரைந்து அமிலத் துளியாக இறங்கும்; விழுந்த இடம் காகிதத்தில் புள்ளியாகத் தெரியும். அங்குள்ள 39ஏ ஏவுமேடைக்கு வடக்கே ஆழமில்லாத தண்ணீரில் மீன்கள் செத்ததும் இந்த அமிலத்தால்தான். பக்கத்தில் வாழ்பவர்களுக்கு இதைவிட நேரடியான சாட்சி கிடையாது. ஆனால் மேலே போன புகையைப் பற்றி இந்தக் காகிதம் ஒன்றும் சொல்லாது.

அதற்கு விமானம் வேண்டும். நாசாவின் டபிள்யூ.பி.-57 சுமார் 18 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும். 1990-களில் அமெரிக்காவின் டைட்டன் 4 ராக்கெட் விட்டுப்போன தடத்துக்குள்ளேயே புகுந்து, புகையின் குளோரின் ஓசோனைத் தின்கிறதா என்று அளந்தார்கள். ஏவிய அரை மணி நேரத்துக்குள், 4 முதல் 8 கிலோமீட்டர் அகலத்துக்கு ஓசோன் கிட்டத்தட்ட பூஜ்யமாகியிருந்தது. பிறகு பழைய அளவுக்கு மீண்டுவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். இதே வகை விமானம் திரட்டிய மாதிரிகள்தான், அடுக்கு மண்டலத்து (ஓசோன் இருக்கும் மேல்காற்றடுக்கு) கந்தக அமிலத் துகள்களில் ஏறக்குறைய 10 சதவீதத்தில் எரிந்து விழும் விண்கலங்களின் அலுமினியமும் மற்ற உலோகங்களும் இருப்பதை 2023-இல் காட்டின. யாரும் எதிர்பார்த்துத் தேடாத அரிய உலோகங்களான நியோபியமும் ஹாஃப்னியமும் அதில் அகப்பட்டன. நேரில் போய் அளப்பதன் அருமை இதுதான். செலவு அதிகம், பிடிபடுவது புகைத்தடத்தின் ஒரு துண்டு மட்டுமே என்றாலும் என் ஓட்டு இதற்கே.

மூன்றாவது, கணினிக் கணக்கு. எரிபொருள் எடை, புகையின் சேர்மானம், காற்றோட்டம் இவற்றைக் கொடுத்தால் உலகம் முழுவதற்கும் விடை தரும். மண்ணெண்ணெய் ராக்கெட்டுகள் உயரத்தில் விடும் புகைக்கரி, தரையருகே கலக்கும் கரியைப்போல் சுமார் 500 மடங்கு வெப்பமூட்டும் என்று 2022-இல் சொன்னதும் இப்படிப்பட்ட கணக்குதான். சரி, ஒரு கிலோ எரிபொருளுக்கு எவ்வளவு கரி? அந்த எண்ணை வானத்தில் அளந்துதான் உறுதி செய்ய முடியும்.

ஸ்ரீஹரிகோட்டாவுக்கு என்றால் என் பதில் மாறும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பழவேற்காடு ஏரி. அங்கே மீன், இறால் பிடித்துப் பிழைப்பவர்களுக்கு முதலில் தேவை அந்தக் காகிதமும் தண்ணீர் மாதிரியும்தான். ஏவுவதற்கு முந்தைய நாளே ஒருமுறை அளந்து வைக்க வேண்டும். அப்புறம் எடுக்கும் அளவை எதோடு ஒப்பிடுவது?