கற்பூர மரமா, சீகையா: எதை முதலில் எடுப்பது?

நீலகிரியில் ஓடை வற்றினால் பழி கற்பூர மரத்தின் (யூகலிப்டஸ்) மேல்தான் விழும். சீகையை (வாட்டில் மரம்) யாரும் அவ்வளவாகத் திட்டுவதில்லை. தேயிலை போடாமல் விட்ட சரிவில் இரண்டும் கலந்து நிற்கும் நிலம் இங்கே பலருக்கு இருக்கிறது. இந்த ஆண்டுக் கூலிக்கு ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால், சீகையைத்தான் முதலில் எடுக்கச் சொல்வேன்.

இரண்டும் 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. குளிருக்கு எரிக்க விறகு வேண்டும், இந்த மலைக்கே உரிய சோலைக்காட்டு மரமோ மெதுவாக வளரும் என்பதால் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தார்கள். கற்பூர மரம் 1843-இல் இங்கே வந்தது. கறுப்பு வாட்டில், சில்வர் வாட்டில் இரண்டையும் சேர்த்துத்தான் சீகை என்கிறோம்.

தண்ணீர்க் கணக்கில் கற்பூர மரத்தின் மேல் சொல்லும் குற்றம் உண்மைதான். நீலகிரியின் கிளன்மார்கனில் ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியில் பாதிக்கு மேல் புல்வெளியை எடுத்துக் கற்பூர மரம் நட்டு, புல்லாகவே விட்ட பக்கத்து நீர்ப்பிடிப்போடு ஒப்பிட்டு அளந்தார்கள். முதல் பத்தாண்டில் ஓடைக்கு வரும் நீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய கட்டையிலிருந்து துளிர்த்த இரண்டாம் சுற்றில் குறைவு சுமார் 25 சதவீதம் ஆனது. ஓடைத்தலையிலும் சதுப்பிலும் கற்பூர மரம் நின்றால் அதை மட்டும் சீகைக்கும் முன்னால் எடுத்துவிடுங்கள்.

ஆனால் கற்பூர மரம் பெரும்பாலும் நட்ட இடத்திலேயே நிற்கும். விதை தூசி போல இருக்கும், மண்ணில் நெடுநாள் தாங்காது. வெட்டினால் கட்டையில் துளிர்க்கும், அந்தத் துளிரைத் திரும்பத் திரும்ப ஒடித்துக்கொண்டே வந்தால் ஓய்ந்துவிடும். சீகை அப்படி இல்லை. அதன் விதை ஐம்பது ஆண்டு வரைகூட மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும். தீ பட்டால் ஓடு வெடித்து ஒரே மழையில் கம்பளி விரித்தாற்போல முளைத்துவிடும். சில்வர் வாட்டில் வேரிலிருந்தும் கிளம்பும், ஒரு மரத்தை வெட்டினால் சுற்றிலும் பத்துக் குருத்து வரும். பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. விவசாயத்துக்குப் போனதும் அதில் உண்டு, ஆனால் சீகையும் பைனும் கற்பூர மரமும் விழுங்கியது பெரும்பங்கு. வரையாட்டுக்கும் குறிஞ்சிக்கும் அந்தப் புல்தான் இடம்.

ஊர் ஓரத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. அடர்ந்த சீகைக்குள் காட்டுமாடு நின்றால் பத்தடி தள்ளி நடக்கிறவருக்கும் தெரியாது. கற்பூர மரத்தடி அப்படி அடைத்துக்கொள்ளாது.

பயன் என்று பார்த்தால் அடுப்புக்குச் சீகைதான். கொடுவாளுக்கு அடங்கும் கனம், சீக்கிரம் காயும், நின்று எரியும். பீன்ஸுக்குக் கொம்பு, வேலிக்குக் கம்பு எல்லாம் அதிலேயே கிடைக்கும். தோல் பதனிடப் பட்டையும் போனது. கற்பூர மரத்தைப் பச்சையிலேயே பிளந்துவிட வேண்டும், காய்ந்தால் நார் முறுக்கிக்கொண்டு கோடாலியைத் திருப்பும். பலகைக்கும் சரிப்படாது, உலரும்போது கோணிவிடும். ஆனால் இலைக்கு விலை உண்டு. உதிர்ந்த இலையைப் பொறுக்கித் தைலம் காய்ச்சிப் பிழைக்கும் குடும்பங்கள் இங்கே இருப்பதை மறந்து ஒரே நாளில் மொட்டையடிக்கச் சொல்வது நியாயமில்லை.

சரி, எப்படி எடுப்பது? எரிக்கவே எரிக்காதீர்கள். மழைக்காலத்தில் மண் இளகியிருக்கும்போது சீகைக் கன்றுகளை வேரோடு பிடுங்குங்கள். அடுத்த ஆண்டும் அதே இடத்துக்கு வர வேண்டியிருக்கும், அதற்கு அடுத்த ஆண்டும். பெரிய மரத்தின் நிழலில் நாவல், விக்கி போன்ற சோலைக் கன்றுகள் தானாக முளைத்திருந்தால் அந்த மரத்தை உடனே சாய்க்க வேண்டாம். பறவை போட்ட விதைக்கு அது இப்போது குடை. கன்று தலை தூக்கிய பிறகு ஒவ்வொன்றாக எடுக்கலாம். ஒரு காலத்தில் புல்வெளியாக இருந்த இடம் என்றால் சோலைக் கன்றும் நடாதீர்கள், புல்லையே வர விடுங்கள்.

அப்புறம், சொந்த நிலம்தானே என்று கோடாலியைத் தூக்கிவிட வேண்டாம். 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் பட்டா நிலத்துக்கும் பொருந்தும். வனத்துறையில் கேட்டு, எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு ஆளைக் கூப்பிடுங்கள்.