சாதாரண ஸ்ட்ரோவா, பெண்கன்று ஸ்ட்ரோவா, உறைகருவா? மலையக மாடுகளுக்கு எது பொருந்தும்

ஸ்ட்ரோ என்பது காளையின் உறைந்த விந்து அடைத்த மெல்லிய குழாய்; பெண்கன்று ஸ்ட்ரோவில் பெண்கன்று தரும் விந்தணுவைப் பிரித்து அடைத்திருப்பார்கள்; உறைகரு என்பது வேறு பசுவின் கருவை உறையவைத்து, இன்னொரு மாட்டில் வைத்துச் சுமக்கவிடுவது. லயத்துக்குப் பின்னால் ஒன்றிரண்டு மாடு கட்டியிருக்கும் வீட்டில் இந்த மூன்றில் ஒன்றைத் தேர்வதற்கு முன், விலையை விட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. மாடு எத்தனை மணிக்குப் பருவத்துக்கு வந்தது என்று அந்த வீட்டில் யாராவது சொல்ல முடியுமா? கொழுந்துக்குப் போனவர்கள் திரும்பும்வரை பட்டியில் ஆளில்லை. தனியாகக் கட்டிய மாட்டின் மேல் ஏற இன்னொரு மாடும் இல்லை. கத்தல், பால் குறைதல், வாலில் ஒட்டிய கண்ணாடி போன்ற கோழை, இவைதான் அடையாளம்.

சாதாரண ஸ்ட்ரோ இந்தக் குறையை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். பருவம் 12 முதல் 18 மணித்தியாலம் நீடிக்கும்; முட்டை வெளியாவது பருவம் தொடங்கி ஏறக்குறைய 28 முதல் 30 மணித்தியாலத்தில். காலையில் கண்டால் மாலை சினையூசி (விந்தைச் செலுத்துவது), மாலையில் கண்டால் மறுநாள் காலை. 0.25 மில்லிலீற்றர் ஸ்ட்ரோவில் பெரும்பாலும் 1.5 முதல் 2 கோடி விந்தணு இருப்பதால், சில மணி பிசகினாலும் வாய்ப்பு போய்விடாது. 35–37 பாகைத் தண்ணீரில் 30 விநாடி வைத்து உருக்க வேண்டும். நுவரெலியா, அம்பேவெல பக்கம் விடியற்குளிரில் விந்தைச் செலுத்தும் ஊசிக்குழல் பனிக்கட்டி மாதிரி இருக்கும். அதைச் சட்டைக்குள் வைத்துச் சூடாக்காமல் ஸ்ட்ரோவை ஏற்றினால், உருகிய விந்து குளிர் அதிர்ச்சியில் சாகும். இந்த ஊரில் கவனிக்காமல் விடப்படும் முக்கியமான தவறு இது.

பெண்கன்று ஸ்ட்ரோவில் விந்தணு 20 முதல் 40 இலட்சம்தான். பெண்கன்று தரும் X விந்தணுவில் டிஎன்ஏ ஏறக்குறைய 3.8 சதவீதம் கூட என்பதைக் கொண்டு இயந்திரம் பிரித்தெடுக்கிறது. பத்துக்கு ஒன்பது கன்று கிடேரி. பாலில்லாத காளைக் கன்றுக்கும் புல் வெட்டிச் சுமக்கும் வீட்டுக்கு அது பெரிய விடயம். ஆனால் பிரிக்கும்போது அடிபட்ட விந்தணு குறைந்த நேரமே உயிரோடு இருக்கும். அதனால் பருவம் தொடங்கி 16 முதல் 24 மணிக்குள், கொஞ்சம் பிந்தியே போட வேண்டும். தொடக்கம் தெரியாவிட்டால் காசு வீண். நல்ல உடம்புள்ள கிடேரிக்கு முதல் ஊசியாக இதைப் போடலாம். மூன்று முறை போட்டும் சினை நிற்காத பசுவுக்கு வேண்டாம்.

காளைக்கு விடுவது நேரப் பிரச்சினையைத் தீர்க்கும். ஆனால் கருச்சிதைவு நோய்கள் பரவும், ஒரே தோட்டத்தில் காளை தன் மகளையே சினையாக்கும். அதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

உறைகருவுக்கு மணிக்கணக்கு வேண்டாம், நாள் சரியாக இருந்தால் போதும். தாய்ப்பசுவுக்கு நான்கு நாள், காலை மாலை, குறைந்துகொண்டே போகும் அளவில் எஃப்எஸ்எச் (பல முட்டைகளை வளரவைக்கும் ஹோர்மோன்) ஊசி, மூன்றாம் நாள் பருவத்தை வரவைக்கும் புரொஸ்டகிளாண்டின், பருவத்தில் சினையூசி, ஏழாம் நாள் கருப்பையைக் கழுவினால் சராசரியாக ஐந்தாறு நல்ல கரு வரும், சில மாட்டில் ஒன்றுமே வராது. சுமக்கும் மாடும் பருவம் கண்டு ஏழாம் நாளில் இருக்க வேண்டும். ஒரு நாள் முன்பின் பரவாயில்லை. முட்டை வெளியான இடத்தில் உருவாகும் மஞ்சட்சடலம் எந்தப் பக்கச் சூலகத்தில் உள்ளதென்று மிருக வைத்தியர் தடவிப் பார்த்து, அதே பக்கக் கருப்பைக் கொம்பில் வைக்க வேண்டும்.

உறையவைக்கும் முறை இரண்டு. மெதுவுறைவில், உறையும்போது கருவைக் காக்கும் 1.5 மோலர் எத்திலீன் கிளைக்கோலில் பத்து நிமிடம் ஊறிய கருவை −6 பாகையில் வைத்து, குளிர்ந்த இடுக்கியால் ஸ்ட்ரோவைத் தொட்டுப் பனி தொடங்கச் செய்து, நிமிடத்துக்கு அரைப் பாகை வீதம் −32 வரை இறக்கி, திரவ நைதரசனில் போடுவார்கள். பட்டியில் காற்றில் சில விநாடி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் 15–20 விநாடி காட்டி அப்படியே வைக்கலாம். கண்ணாடியுறைவில், அதாவது பனிப்படிகம் உருவாகாதபடி மிக வேகமாக உறையவைப்பதில், கரைசல் மிக அடர்த்தி. கருவை அதில் ஒரு நிமிடத்துக்கு மேல் விட்டால் நஞ்சாகும். உருக்கும்போது நுண்ணோக்கியின் கீழ் சீனிக் கரைசலில் படிப்படியாகக் கழுவ வேண்டும். ஆய்வுகூடத்தில் உருவாக்கிய, கொழுப்பு அதிகமான கருவுக்கு அதுவே நல்லது. ஆனால் டயகமப் பக்கம் ஏற்றப் பாதையில் மோட்டார் சைக்கிளில் வரும் ஒருவரால் நுண்ணோக்கி வைத்துக் கழுவ முடியாது. மலைக்கு மெதுவுறைவுதான்.

பதிவேடும் போதிய மாடும் உள்ள பண்ணை உறைகருவில் இறங்கலாம். ஒன்றிரண்டு மாட்டு வீட்டில், பகலில் பார்க்க ஆளிருந்தால் கிடேரிக்குப் பெண்கன்று ஸ்ட்ரோ. இல்லாவிட்டால் சாதாரண ஸ்ட்ரோ. சிறிய ஜேர்சிக் கலப்புக் கிடேரிக்குள் பிரீசியன் கருவை வைக்க யார் சொன்னாலும் சம்மதிக்க வேண்டாம், கன்று சிக்கும். ஏற்கெனவே கன்று போட்ட பசுவைக் கொடுங்கள். கரு வைத்து 14ஆம் நாளை ஒட்டி மாடு மீண்டும் பருவம் காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டாவிட்டால் இரண்டு மாதம் கழித்துச் சினை பார்க்கச் சொல்லலாம்.