புதுச்சேரியில் ரசிகர் இதழ்களுக்குப் பெட்டி செய்துதரும் பைண்டிங் கடை

1923இல் அமெரிக்காவில் தொடங்கிய 'வியர்ட் டேல்ஸ்' போன்ற மலிவுத்தாள் இதழ்களின் மாயக்கதைகளையும் ஓவியங்களையும் பற்றி, வாசகர்களே எழுதி, பெரும்பாலும் சைக்ளோஸ்டைலில் அச்சிட்டு, தபாலில் அனுப்பிக்கொண்ட ரசிகர் இதழ்களைச் சேர்ப்பவர்களுக்கு, வாங்குவதைவிடக் காப்பாற்றுவதே பெரும்பாடு. அமிலம் மிகுந்த தாள் தானாகவே பழுத்து நொறுங்கும். கடற்கரை ஊரில் ஸ்டேப்ளர் பின்னும் துருப்பிடித்துத் தாளை அரித்துவிடும். இத்தகைய இதழ்களுக்குப் பெட்டி செய்துதரும் சிறிய பைண்டிங் கடையொன்று காந்தி வீதியிலிருந்து பிரியும் சந்தில் இருக்கிறது. அலுவலகப் பதிவேடுகளும் மாணவர்களின் புராஜெக்ட் அறிக்கைகளுமே அங்கே அன்றாட வேலை.

கட்டுவதைத் தொழிலாகக் கொண்ட கடைக்காரப் பெரியவர், எதைக் கட்டக்கூடாது என்பதை அறிந்திருப்பதே அக்கடையின் சிறப்பு. வார இதழ்த் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்யும் பழக்கம் நம் வீடுகளில் இருந்தது. அப்படிக் கட்டிய தொகுதிகளில் ஓவியர் மணியத்தின் படங்கள் பாதி தையலுக்குள் புதைந்தும், ஓரம் வெட்டும் இயந்திரத்தில் கையெழுத்தை இழந்தும் கிடப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். நான் கொண்டுபோனவற்றில் 'ஆம்ரா' இதழ்கள் சில இருந்தன. 1959 முதல் ஜார்ஜ் சிதர்ஸ் ஆசிரியராக இருந்து, ராபர்ட் ஈ. ஹோவர்ட் எழுதிய வாள்வீரன் கோனனின் கதைகளையும் அவ்வகை எழுத்தையும் அலசிய அவ்விதழ், 1964இலும் 1968இலும் அறிவியல் புனைகதை உலகின் ஹியூகோ விருது பெற்றது. ராய் கிரெங்கெலின் கோட்டோவியங்களுக்காகவே அதைத் தேடுபவர்கள் உண்டு. ஒரு பிரதியைப் புரட்டிப் பார்த்த பெரியவர், "தைச்சா படம் போயிடும் சார், பெட்டி போட்டுக்கலாம்" என்று சொல்லி, இதழ்களை அளக்கத் தொடங்கிவிட்டார்.

அளவெடுத்துச் செய்வதன் அருமை அமெரிக்க இதழ்களைச் சேர்ப்பவர்களுக்குத்தான் தெரியும். அங்கே வழங்கும் லெட்டர் தாள் 216 மில்லிமீட்டர் அகலமும் 279 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. நம் ஏ4 தாளோ 210க்கு 297. ஆகவே, நம் ஸ்டேஷனரி கடைகளில் கிடைக்கும் ஏ4 கோப்புகளில் அவ்விதழ்கள் அகலத்தில் முட்டி ஓரம் மடங்கும், உயரத்தில் தொளதொளவென்று ஆடும். இங்கே செய்த பெட்டியில் இதழ் அசையாமலும் நெருக்கப்படாமலும் கிடக்கிறது. கெட்டியான மில் போர்டு, வெளியே கருநீலக் காலிகோ துணி, எடுப்பதற்கு ஒரு நாடா. மூலை மடிப்பும் சுத்தம்.

சில விஷயங்களை நாமே கேட்டு வாங்க வேண்டும். பூச்சி வராமலிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பது இங்கும் வழக்கம். அது தாளுக்குக் கெடுதி என்பதால், கலக்காத பசையும், உட்புறம் ஒட்ட அமிலமற்ற தாளும் வேண்டுமென்று முன்கூட்டியே சொன்னேன். தாளை நான்தான் வாங்கித் தந்தேன். இதழ்களுக்கான உறையும் நம் பொறுப்பே: பி.வி.சி. உறை நாளடைவில் மையோடு ஒட்டிக்கொள்ளும், பாலியெஸ்டர் உறையே நல்லது. பெட்டியின் முதுகில் பொன்னெழுத்து பொறிக்கும் வேலை மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. எழுத்துகள் ஏறியும் இறங்கியும் நிற்கின்றன, சீட்டு ஒட்டிக்கொள்வதே மேல்.

ஒரு பெட்டிக்கு 450 ரூபாய் ஆயிற்று. கைவேலைக்கு அது நியாயமான கூலி. ஐப்பசி, கார்த்திகை மழையில் பசை எளிதில் காயாது. பெட்டிக்குள் ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால், தை பிறந்த பிறகு கொடுப்பது நல்லது.