ஏ.எஸ்.ஓ. அளவு கூடியிருப்பதாகச் சொல்லி ஊசி போடச் சொன்னால், முதலில் இதைப் படியுங்கள்

குழந்தைக்குக் கால் வலி என்றோ தொண்டை வலி என்றோ மருத்துவரிடம் போய், இரத்தத்தில் ஏ.எஸ்.ஓ. (ஒரு கிருமித் தொற்றுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்) அளவு கூடியிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பென்சிலின் ஊசியைத் தொடங்கியிருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். என் மகள் தனக்கு இல்லாத ஒரு நோய்க்காகப் பல மாதங்கள் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டாள். ஊசியை எழுதிக் கொடுத்த மருத்துவரின் பெயரையோ மருத்துவமனையின் பெயரையோ இங்கே சொல்லப்போவதில்லை. இந்தப் பழக்கம் அவர் ஒருவரோடு நிற்பதல்ல என்று பின்னர் விசாரித்தபோது தெரிந்துகொண்டேன்.

அவளுக்கு இருந்தது இரவு நேரக் கால் வலி. படுத்த சிறிது நேரத்தில் இரண்டு கெண்டைக்கால்களும் வலிக்கின்றன என்று அழுவாள், பிடித்துவிட்டால் தூங்கிவிடுவாள், காலையில் வலியின் சுவடே இல்லாமல் ஓடியாடுவாள். மூட்டு எதுவும் வீங்கவில்லை, காய்ச்சல் இல்லை, அண்மையில் தொண்டை வலியும் வந்ததில்லை. இவற்றில் எதையும் கேட்காமலே, மூட்டுகளைத் தொட்டுக்கூடப் பார்க்காமலே, ஒரு சீட்டில் வரிசையாக இரத்தப் பரிசோதனைகள் எழுதித் தரப்பட்டன. மற்றவை எல்லாம் சரியாக இருக்க, ஏ.எஸ்.ஓ. மட்டும் 400 என்றும், அது 200-க்குள் இருக்க வேண்டும் என்றும் அறிக்கையில் தடித்த எழுத்தில் இருந்தது. அதைப் பார்த்த மாத்திரத்தில் மருத்துவர், “இது ருமாட்டிக் காய்ச்சல், விட்டால் இதய வால்வு கெட்டுப்போகும், 21 வயது வரை மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி போட வேண்டும்” என்றார். தொண்டையில் வரும் ஒருவகைக் கிருமித் தொற்றுக்குப் பிறகு சிலருக்கு வந்து, மூட்டுகளையும் இதயத்தையும் தாக்கும் நோய் அது. இதயம் என்று கேட்ட பிறகு எந்தப் பெற்றோருக்கு மறுகேள்வி வரும்?

இந்தப் பரிசோதனை எதை அளக்கிறது என்பதை அன்றே யாராவது சொல்லியிருந்தால் மறுகேள்வி வந்திருக்கும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி, குறிப்பாக அதன் ஏ பிரிவு, உடலில் தொற்றும்போது ஸ்ட்ரெப்டோலைசின் ஓ என்ற நச்சுப்பொருளை வெளியிடுகிறது. அதற்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளின் அளவுதான் ஏ.எஸ்.ஓ. 1932-இல் டாட் என்பவர் விவரித்த பழைய பரிசோதனை இது. தொற்று வந்து ஏறத்தாழ ஒரு வாரத்துக்குப் பிறகே இந்த அளவு ஏறத் தொடங்குகிறது, மூன்று முதல் ஐந்து வாரங்களில் உச்சத்தைத் தொடுகிறது, பிறகு மெல்ல மெல்ல இறங்குகிறது. பழைய நிலைக்கு வரப் பல மாதங்கள் ஆகலாம், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். ஆகவே இன்று தொண்டை வலி இருக்கிறதா, அதற்கு இந்தக் கிருமிதான் காரணமா என்பதை இது சொல்லாது. அதற்குத் தொண்டையில் பஞ்சுக்குச்சியால் தடவியெடுத்துச் செய்யும் பரிசோதனை இருக்கிறது. தரையின் ஈரத்தைப் பார்த்து மழை பெய்திருக்கிறது என்று சொல்லலாம். வீட்டுக்கூரை ஒழுகுகிறது என்று சொல்லிவிட முடியாது.

அடுத்தது அந்த 200 என்ற எல்லை. ஐந்து முதல் பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கே இந்தத் தொற்று அடிக்கடி வருகிறது என்பதால், பெரியவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் இருப்பதைவிட அவர்களுக்கு இயல்பாகவே அளவு கூடுதலாக இருக்கும். 300-ஐத் தாண்டிய நலமான பள்ளிப் பிள்ளைகள் அரிதானவர்கள் அல்லர். அதோடு, இந்த மேல் எல்லையை வகுக்கும் வழக்கமான முறையே, நலமாக இருப்பவர்களில் ஐந்தில் ஒருவர் எல்லைக்கு மேலே இருப்பார் என்று ஏற்றுக்கொண்டு வகுப்பதுதான். இதைத் தெரிந்துகொண்ட நாளில் எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. வயதைப் பாராமல் எல்லாருக்கும் ஒரே எல்லையை அச்சிட்டுத் தடித்த எழுத்தில் காட்டும் ஆய்வகங்களுக்கும் இதில் பங்கு உண்டு.

ருமாட்டிக் காய்ச்சலைக் கண்டறிய ஜோன்ஸ் அளவுகோல் என்ற முறை 1944 முதல் இருக்கிறது. கடைசியாக 2015-இல் திருத்தப்பட்டது. இதய அழற்சி, மூட்டு அழற்சி, கட்டுக்கடங்காமல் கைகால் அசையும் கோரியா, தோலில் வளையம் வளையமாகத் தோன்றும் சிவப்பு, தோலுக்கடியில் சிறு முடிச்சுகள் ஆகியவை அதன் பெரிய அடையாளங்கள். காய்ச்சல், மூட்டு வலி, இரத்தத்தில் அழற்சிக் குறிகள், ஈ.சி.ஜி.யில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் ஆகியவை சிறியவை. பெரியவை இரண்டோ, பெரியது ஒன்றும் சிறியவை இரண்டுமோ இருந்து, அதற்கு முன் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று நடந்ததற்குச் சான்றும் இருக்க வேண்டும். ஏ.எஸ்.ஓ. அந்தச் சான்றுகளில் ஒன்று, அவ்வளவே. இந்நோய் மிகுந்துள்ள சமூகங்களில் அளவுகோல் சற்றுத் தளர்த்தப்பட்டு, வீக்கமில்லாமல் பல மூட்டுகளில் வரும் வலியையும் வேறு காரணம் இல்லையென்று உறுதியான பிறகு பெரிய அடையாளமாகக் கொள்ளலாம்; என் மகளுக்கு வலித்ததோ மூட்டே இல்லை, தசை.

பிறகு நடந்தது இன்னும் மோசம். ஊசி பலனளிக்கிறதா என்று பார்ப்பதாகச் சொல்லி ஏ.எஸ்.ஓ.வைத் திரும்பத் திரும்ப எடுக்கச் செய்தார்கள். பென்சிலின் கிருமியைக் கொல்லும். ஏற்கெனவே இரத்தத்தில் சேர்ந்துவிட்ட எதிர்ப்பொருளை அது குறைப்பதில்லை. அளவு இறங்கவில்லை என்றதும் டான்சிலை அறுத்து எடுத்துவிடலாம் என்றார்கள். அந்தச் சொல்தான் எங்களை இன்னொரு குழந்தை நல மருத்துவரிடம் அனுப்பியது. அவர் முதலில் அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு அவளை நடக்கச் சொன்னார், ஒவ்வொரு மூட்டாக மடக்கிப் பார்த்தார், நெஞ்சொலியை நெடுநேரம் கேட்டார், ஐயம் தீர எக்கோவும் (ஒலியலையால் எடுக்கும் இதயப் படம்) எடுக்கச் சொன்னார். வால்வுகள் நன்றாக இருந்தன. வளரும் வயதில் பல பிள்ளைகளுக்கு வரும் கால் வலிதான் இது என்று சொல்லி ஊசியை நிறுத்தினார். தொடையில் ஆழமாகப் போடப்படும் அந்த ஊசியின் வலியும், அரிதாக என்றாலும் உயிருக்கே ஆபத்தாகக்கூடிய ஒவ்வாமையும், இதய நோயாளி என்று சொல்லி விளையாட்டிலிருந்து ஒதுக்கி வைத்ததும் எதற்காக என்று கேட்க முன்னவரிடம் திரும்பப் போனோம். “முன்னெச்சரிக்கைக்காகத்தான்” என்ற பதிலோடு பேச்சு முடிந்தது.

இதனால் இந்தப் பரிசோதனையே வீண் என்று எண்ணிவிட வேண்டாம். உண்மையான ருமாட்டிக் காய்ச்சலில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஏ.எஸ்.ஓ. உயராமலே இருக்கலாம் என்பதால், இயல்பான அளவைக் காட்டி நோய் இல்லை என்பதும் பிழைதான், அப்போது ஆன்டி-டி.என்.ஏஸ்-பி என்ற மற்றோர் எதிர்ப்பொருளையும் பார்ப்பார்கள். தோலில் வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் புண்ணுக்குப் பிறகு சிறுநீரகம் பாதிக்கப்பட்டு முகம் வீங்கி, சிறுநீர் பழுப்பாகப் போகும்போதும் அந்த இரண்டாவது பரிசோதனையே கூடுதலாக உதவுகிறது. இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகளில் தெளிவான ஏற்றம் தெரிந்தால், ஒற்றை எண்ணைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

உங்கள் பிள்ளைக்கு ஊசி எழுதித் தரப்பட்டால், ஜோன்ஸ் அளவுகோலின் எந்தெந்த அடையாளங்களைக் கண்டு இந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று கேட்டு, அவற்றைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எக்கோ எடுக்காமல் ஆண்டுக்கணக்கான ஊசிக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். ஏற்கெனவே போட்டுக்கொண்டிருப்பவர்கள் இந்தப் பதிவைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்திவிட வேண்டாம். ருமாட்டிக் காய்ச்சல் உண்மையிலேயே வந்த பிள்ளைக்கு அது மறுபடி வருவதைத் தடுப்பது இந்த ஊசிதான்; இதயம் பாதிக்கப்படாதவர்களுக்கே ஐந்தாண்டு அல்லது 21 வயது, இவற்றில் எது நீளமோ அதுவரை தேவைப்படும்; வால்வு கெட்டவர்களுக்கு 40 வயது வரையும் அதற்கு மேலும் தேவைப்படலாம். முதல் நாளிலிருந்து உள்ள சீட்டுகள், அறிக்கைகள் அனைத்தையும் எடுத்துக்கொண்டு குழந்தைகளுக்கான இதய மருத்துவர் ஒருவரிடம் காட்டுங்கள். அடுத்த ஊசிக்குரிய தேதி தவறுவதற்கு முன்பே காட்டுங்கள்.